முப்பத்தெட்டாம் அளவு

"நாளைக்குப் பத்து மணிக்கு வேலூர் ஆபீசுக்கு வந்துடும்மா,
உங்க அண்ணனப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."
போனில் குரல் மரியாதையாகத்தான் இருந்தது.
அந்த மரியாதைக்குத்தான் வயிறு கலங்கியது.

பல்வலி என்று சொல்லி அரைநாள் லீவு.
பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம்.
ஜெராக்ஸ் கடை மாடியில் மெகருன்னிசா வக்கீல்.
மேஜைக் கண்ணாடிக்கடியில்
அவர் மகனின் பள்ளி டைம்டேபிள்.
வெள்ளிக்கிழமை இரண்டு பீரியட் கணக்கு.

"நீங்க எங்கயும் போக வேணாம், தேவகிருபை.
பொம்பளைய ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது.
கேள்வி இருந்தா எழுத்துல குடுத்துட்டு
உங்க வீட்டுக்கு வரட்டும்.
சொன்னத எழுதிக்குவாங்க. கையெழுத்துப் போடாதீங்க.
போடக் கூடாதுன்னே சட்டத்துல இருக்கு."

எதுவும் தெரியாதுன்னு சொல்லிடலாமா?

பேனாவை மூடி வைத்தார்.
"தெரியாதது தெரியாது. சரி.
தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொன்னா
அது தனி கேஸ், உங்க பேர்ல.
பதில் உங்களையே மாட்டிவிடும்னா
அதுக்கு மட்டும் வாய மூடிக்கலாம்.
அண்ணன மாட்டிவிடும்கிறது கணக்குல வராது."

அண்ணிக்கு?

"புருஷன் பொண்டாட்டிகிட்ட சொன்ன பேச்ச
கோர்ட்டு கூட அவங்க வாயிலேர்ந்து பிடுங்க முடியாது.
பேச்சு மட்டும். கண்ணால பார்த்தது வேற."

தங்கச்சிக்கு?

"தங்கச்சிக்கு அப்படி ஒண்ணும் எழுதி வைக்கல."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை; மழைச்சாரல் மடியில்.
லில்லி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம்.
ஒரே போர்வைக்குள் நானும் அருமைநாதனும்
அப்பாவின் இருமலை எண்ணியது அதற்கும் முன்னால்.
நான் பத்து என்பேன், அவன் பதினொன்று என்பான்.
அந்தப் பேச்சுக்குக் கதவு கிடையாதாம்.
ஆறு வருஷத்துக்குத் தாழ்ப்பாள் உண்டாம்.

வி.கோட்டா ரோட்டுக் கம்பெனியில் நான் தைப்பது
ஜெர்மனிக்குப் போகும் செருப்பின் மேல்தோல்.
முப்பத்தெட்டாம் அளவு. என் அளவும் அதுதான்.
ஒரு நூல் கூடினாலும் பெட்டியோடு திரும்பி வரும்.
எனக்கென்று ஒரு மௌனமும் அளந்து தைத்திருக்கிறார்கள்.
அதை ராத்திரி முழுக்க
அண்ணன் காலில் மாட்டிப் பார்த்தேன்.
குதிகால் இறங்கவே இல்லை.

வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள்.
கூட ஒரு பெண் போலீஸ்; தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.
கிறிஸ்துமஸ் சீட்டு எப்போ ஆரம்பிச்சார்?
சொன்னேன்.
ஓசூர்ல யார் வீட்ல தங்குவார்?
சொன்னேன்.
சொல்லச் சொல்ல நாக்கில் பித்தளை ருசி.
சுவரில் இருந்த அப்பா போட்டோவை
அவர்கள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

பிறகு அந்த மீசைக்காரர்,
நோட்டிலிருந்து தலை நிமிராமல்:
"உங்க கம்பெனிப் பொம்பளைங்க பதினாலு பேர்.
மாசாமாசம் அவங்ககிட்ட
வசூல் பண்ணிக் குடுத்தது யாரு?"

மின்விசிறி சுற்றும் சத்தம்.

"இதுக்குப் பதில் சொல்ல விரும்பல சார்."

என் குரல்தான்.
எங்கும் இறுக்கவில்லை, எங்கும் கடிக்கவில்லை,
அந்தச் செருப்பு என் காலில் அப்படியே ஏறிக்கொண்டது.
இத்தனை நாள் யாருக்காக அதைத் தேடினேன்?

எழுதினதை வாசித்துக் காட்டினார். பேனாவை நீட்டினார்.
போட மாட்டேன் என்றேன். சிரித்தார்.
"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

ராத்திரி லில்லி போன் செய்தாள்.
"என்ன சொன்னீங்க?"
தெரிஞ்சத.
ரொம்ப நேரம் அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணி ஷிப்ட்.
பக்கத்து மெஷினில் பரிமளா.
பதினாலு பேரில் ஒன்பதாவது பெயர்.
மாசம் ஆயிரம், பதினொரு மாசம், என் கையில்தான் கொடுத்தாள்.
தைத்த இடது கால்களை என் பக்கம் தள்ளினாள்.
கேட்கப் போகிறாள் என்று
ஊசியிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

"கருப்பு நூல் இருக்கா?" என்றாள்.
எடுத்துக் கொடுத்தேன்.